ஐடெக் பயிற்சிக்கு இந்தியா போக விரும்பும் ஆசிரியர்களுக்கு: கோப்பைக் கொழும்புவரை கொண்டு சேர்ப்பது எப்படி?

இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்ப எனக்கு ஒரு மணி நேரம்தான் போனது. அதே விண்ணப்பத்தின் அச்சுப் பிரதி கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேர ஒன்பது வாரம் ஆனது. அதுவும் இரண்டாம் தடவை. முதல் தடவை அது போய்ச் சேரவே இல்லை. நடுவில் ஏதோ ஒரு மேசையில் ஏதோ ஒரு கோப்புக்கு அடியில் படுத்துவிட்டது. முடிவுத் தேதி கடந்து பத்து நாளுக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. யாரிடம் கோபிப்பது? விசாரித்துப் பார்க்காத தவறு என்னுடையதும்தான்.

ஐடெக் என்பது இந்திய வெளிவிவகார அமைச்சு நடத்தும் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம். பாடசாலைத் தலைமைத்துவம், கல்வித் திட்டமிடல், கற்பித்தலில் புதிய தொழில்நுட்பம் என்று எங்களுக்குப் பொருந்துகிற குறுகிய காலப் பயிற்சிகள் அதில் உண்டு. பயிற்சிக் கட்டணம், விமான டிக்கெட், தங்குமிடம், நாட்செலவு எல்லாம் இந்திய அரசு பார்த்துக்கொள்ளும். நம் பக்கத்துச் செலவு நேரமும் அலைச்சலும் கையிலிருந்து போகும் கொஞ்சக் காசும்தான். மாகாணப் பாடசாலை ஆசிரியர்கள், பிரதி அதிபர்கள், ஆசிரிய ஆலோசகர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தேசிய பாடசாலையில் இருப்பவர்களுக்கு ஐந்தாம், ஆறாம் படிகளில் வழி வேறு; அவர்களின் கோப்பு மத்திய கல்வி அமைச்சு ஊடாகப் போகும்.

1. தகுதியை இன்றைக்கே பாருங்கள்

வயது 25க்கும் 45க்கும் இடையில். குறைந்தது ஐந்து வருட வேலை அனுபவம். வகுப்பை ஆங்கிலத்தில் கேட்டு, பேசி, எழுதுகிற அளவுக்கு ஆங்கிலம். நல்ல உடல்நலம். சில பயிற்சிகளுக்குக் கூடுதல் கல்வித் தகுதி கேட்பார்கள்; அது அந்தந்தப் பயிற்சியின் பக்கத்தில் இருக்கும்.

வயது விஷயத்தில் கவனம். 44 வயதில் இருப்பவர், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டால் அத்தோடு சரி. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். டிக்கெட் வந்த பிறகு பேசினால் வேறு மாதிரி முடியும்.

2. பயிற்சியை நிதானமாகத் தெரிவு செய்யுங்கள்

ஒரு தடவை ஐடெக் பயிற்சிக்குப் போனவர் மறுபடி போக முடியாது. அதனால் கிடைத்த பயிற்சிக்குப் போய்விட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள்.

பயிற்சிப் பட்டியல் இந்திய நிதியாண்டை ஒட்டியது, அதாவது ஏப்ரலிலிருந்து மார்ச் வரை. ஐடெக் இணையத்தளத்தில் துறை வாரியாகத் தேடலாம். கல்வித் திட்டமிடல், நிருவாகம் என்றால் புது டில்லியிலுள்ள தேசிய கல்வித் திட்டமிடல் மற்றும் நிருவாக நிறுவனம், சுருக்கமாக நீபா. கற்பித்தல் முறை, கல்வித் தொழில்நுட்பம் என்றால் சென்னை தரமணியிலுள்ள தேசிய தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். நான் போனது தரமணிக்கு, மூன்று வாரம். நீபாவில் ஆறு மாத சர்வதேச டிப்ளோமா ஒன்றும் உண்டு. அதில் மூன்று மாதம் டில்லியில், மிச்ச மூன்று மாதம் சொந்த நாட்டில் ஓர் ஆய்வு வேலை. வலயப் பணிமனையில் திட்டமிடல் பகுதியில் இருப்பவருக்கு அது நல்ல தெரிவு. வகுப்பறை ஆசிரியருக்கு அவ்வளவு நாள் விடுமுறை எடுப்பது கஷ்டம்.

தலைப்பை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ‘தலைமைத்துவம்’ என்று பெயர் இருக்கும். உள்ளே போனால் கம்பனி முகாமையாளர்களுக்கான பாடமாக இருக்கும். ‘செயற்கை நுண்ணறிவு’ என்று இருக்கும்; நிரலாக்கம் தெரிந்தவர்களுக்கானதாக இருக்கும். பாட உள்ளடக்கத்தைத் திறந்து நாள் வாரியாக வாசியுங்கள். பாதிக்கு மேல் உங்கள் வேலையோடு ஒட்டினால் மட்டும் விண்ணப்பியுங்கள்.

தொடங்கும் தேதி இன்றிலிருந்து குறைந்தது மூன்று மாதம் தள்ளி இருக்க வேண்டும். அதற்குக் கிட்டவென்றால் விட்டுவிடுங்கள். கோப்பு அந்த வேகத்தில் ஓடாது.

3. கடவுச்சீட்டும் பெயரும்

கடவுச்சீட்டு இல்லாமல் இணைய விண்ணப்பத்தை முழுதாக நிரப்ப முடியாது. இருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயிற்சி முடிந்தும் ஆறு மாதம் மிச்சம் இருப்பது நல்லது. இல்லாதவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். 2024இல் கட்டணம் கூடியபோது சாதாரண சேவை 10,000 ரூபாய், ஒருநாள் சேவை 20,000 ரூபாய் ஆனது. அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும். வன்னியில் இருப்பவர்கள் பத்தரமுல்லைவரை போகத் தேவையில்லை, வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

பெயரில்தான் நான் மாட்டினேன். என் பெயரில் வருகிற ‘த’வுக்குப் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘டி எச்’. பட்டச் சான்றிதழில் வெறும் ‘டி’. நியமனக் கடிதத்தில் அப்பாவின் பெயருக்கு முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுதாக, அதுவும் முன்னால். நாலு பத்திரத்தில் நாலு ஆட்கள்! எங்கள் ஊரில் யாரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கொழும்பில் ஒரு மேசையில் கோப்பைத் திருப்பிப் போட இது போதும்.

செய்ய வேண்டியது இதுதான். கடவுச்சீட்டில் இருக்கிற எழுத்துக்களையே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். மற்ற வடிவங்களும் நீங்களேதான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதன் பிரதியை ஒவ்வொரு தொகுதியிலும் வையுங்கள். தமிழில் இருக்கிற சான்றிதழ்களுக்குச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுங்கள். அவரிடம் கடவுச்சீட்டைக் காட்டி, ‘இந்த எழுத்துக்களையே போடுங்கோ’ என்று சொல்லுங்கள். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

4. இணைய விண்ணப்பம்

கணக்கு ஒன்றைத் திறந்து, பயிற்சியைத் தெரிந்து, கேட்பதை நிரப்புவதுதான். கடைசி இரவில் செய்யாதீர்கள். மின்சாரம் போகும், இணையம் அறுந்துபோகும்.

உங்கள் வேலையைப் பற்றிக் கேட்கும் இடத்தில் ‘ஆசிரியர், 12 வருடம்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நான் இரண்டாம் தடவை எழுதியது இப்படி: கணினி அறையில் 23 கணினிகள், இயங்குவது 9. ஒரு வகுப்பில் 41 பிள்ளைகள். ஒரு கணினிக்கு நாலைந்து பேரை இருத்திப் படிப்பிக்கிறேன்; இதே அறையை வைத்து மற்றப் பாட ஆசிரியர்களையும் பழக்க வேண்டும், அதைத் திட்டமிடத் தெரிந்துகொள்ள வருகிறேன். ஆறு வரிதான். தரமணியில் எங்கள் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் முதல் நாளே என்னிடம் அந்த ஒன்பது கணினிகளைப் பற்றிக் கேட்டார்.

நிரப்பியதும் அச்செடுங்கள். அதில் மற்றவர்கள் நிரப்ப வேண்டிய பகுதிகள் இருக்கும்: ஆங்கிலத் தேர்ச்சி பற்றிய உறுதிப்படுத்தல், மருத்துவ அறிக்கை, வேலை தருபவரின் சிபார்சு. மூன்றிலும் கையொப்பத்தோடு பதவி முத்திரையும் வேண்டும். மருத்துவ அறிக்கையில் முத்திரை மங்கலாக விழுந்ததால் நான் இன்னொரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைத்தியரின் அறையை விட்டு வெளியே வருமுன் தாளைத் திருப்பிப் பாருங்கள்.

உறுதிமொழிப் பகுதியை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். அனுமதியில்லாமல் பயிற்சியைப் பாதியில் விட்டு வந்தால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

5. அச்சுப் பிரதியின் பயணம்

இணையத்தில் ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் தொடங்குகிறது. நம் அரசாங்கம் பரிந்துரைத்து அனுப்பாத விண்ணப்பத்தை இந்தியத் தரப்பு எடுக்காது.

என் கோப்பு போன வழி: அதிபர், வலயக் கல்விப் பணிமனை, மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாணக் கல்வி அமைச்சு, அங்கிருந்து கொழும்பில் நிதி அமைச்சின் கீழ் உள்ள வெளிநாட்டு வளங்கள் திணைக்களம், கடைசியில் கொள்ளுப்பிட்டியிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம். உங்கள் மாகாணத்தில் ஒரு படி கூடலாம், குறையலாம். வலயத்தில், போன வருடம் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனவர் யார் என்று விசாரித்து அவரிடம் கேளுங்கள். சுற்றறிக்கையைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு மேசையிலும் கோப்பு சராசரியாக ஒரு வாரம் நிற்கும் என்று கணக்கு வையுங்கள். விண்ணப்ப முடிவுத் தேதி என்று இணையத்தளத்தில் போட்டிருப்பது கடைசிக் கட்டத்துக்கான தேதி. நம் திணைக்களங்கள் அதற்கு முன்பே ஒரு தேதி வைத்திருக்கும். கேட்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

முதல் தடவை நான் எல்லாவற்றையும் ஒரு கடித உறையில் போட்டு அதிபரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டாம் தடவை செய்தவை வேறு. ஒரே மாதிரி ஐந்து தொகுதிகள் தயாரித்தேன். ஒவ்வொன்றிலும் உறுதிப்படுத்திய பிரதிகள், முதல் பக்கத்தில் என்னென்ன இணைப்பு என்ற பட்டியல். ஒவ்வோர் அலுவலகத்திலும் கோப்பு உள்ளே போனதும் பதிவு இலக்கத்தையும் விஷயத்தைப் பார்க்கிற முகாமைத்துவ உதவியாளரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதினேன். இலக்கம் இல்லாமல் தொலைபேசி எடுத்தால் ‘தேடிப் பார்க்கிறம், நாளைக்கு எடுங்கோ’ என்பார்கள். இலக்கம் சொன்னால் அந்த நிமிடமே பதில் வரும். மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்தேன். ஒருவர் கடைசியில் என் குரலைக் கேட்டதுமே, ‘டீச்சர், நேற்றுப் போட்டுது’ என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முற்பிரதி ஒன்றைக் கொழும்புக்கு நேரடியாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘உரிய வழியூடாக மூலப்பிரதி வந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரு வரி மேலே இருக்கட்டும். முற்பிரதியை வைத்து முடிவெடுக்க மாட்டார்கள்தான். ஆனால் உங்கள் பெயர் அங்கே ஒரு பட்டியலில் ஏறும், மூலப்பிரதி வராவிட்டால் கேட்கவும் ஓர் ஆள் இருக்கும்.

இன்னொன்று. வலயத்தின் முகப்புக் கடிதம் தமிழில் இருந்தால் கொழும்பில் அது மொழிபெயர்ப்புக்குப் போய் ஒரு கிழமை நிற்கும். ஆங்கிலத்தில் கடிதம் தாருங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். வரைவை நீங்களே அடித்து, பென் டிரைவில் கொண்டு போனால் யாரும் மறுப்பதில்லை.

6. விடுமுறை தனிக் கோப்பு

பரிந்துரை கிடைத்தால் விடுமுறையும் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டில் கழிக்கும் விடுமுறைக்கான பொது 126 படிவம் தனி வழியில் போக வேண்டும். மாகாண உத்தியோகத்தருக்கு அது பள்ளிக்கூடத்திலோ வலயத்திலோ முடிகிற வேலையில்லை. எனக்குப் பிரதம செயலாளர் அலுவலகம்வரை போய் வந்தது.

இந்தப் படிவத்தோடு இந்தியாவிலிருந்து வருகிற ஏற்புக் கடிதத்தையும் இணைக்கச் சொல்வார்கள். அந்தக் கடிதமோ பயிற்சிக்கு இரண்டு, மூன்று வாரம் இருக்கும்போதுதான் வரும். எனவே கடிதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிரப்பி, அதிபரின் சிபார்சும் வாங்கித் தயாராக வைத்திருங்கள். உங்கள் பாடத்தை யார் எடுப்பார் என்பதற்கு ஒரு பதில் ஏற்பாட்டுக் கடிதம், அந்த ஆசிரியரின் கையொப்பத்தோடு, கட்டாயம் வையுங்கள். க.பொ.த. பரீட்சைக்கு முந்திய மாதமென்றால் அதிபர் யோசிப்பார். அவர் யோசிப்பதில் நியாயமும் இருக்கிறது.

கடமை விடுமுறையா, சம்பளத்தோடா, பிணை ஒப்பந்தம் கேட்பார்களா என்பதெல்லாம் தாபன விதிக்கோவைப்படி பயிற்சியின் நீளத்தைப் பொறுத்தது. வாய்ப் பதிலோடு நிற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் கொண்டு போங்கள்.

7. விசாவும் டிக்கெட்டும்

ஏற்புக் கடிதம் வந்ததும் விசாவுக்குப் போடலாம். ஐடெக் பயிற்சிக்கான விசாவுக்குக் கட்டணம் இல்லை. ஏற்கெனவே சுற்றுலா விசா இருக்கிறது, அதில் போய்விடலாமே என்று நினைக்காதீர்கள். பயிற்சிக்கு உரிய விசாவில்தான் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதால் வடக்கில் உள்ளவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம்.

டிக்கெட்டை நீங்கள் வாங்க வேண்டாம். அவர்களே சாதாரண வகுப்பில் பதிவு செய்து அனுப்புவார்கள். என்னுடையது புறப்படுவதற்கு நாலு நாள் முன்புதான் வந்தது. அந்த நாலு நாளும் நித்திரை இல்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கும்போது இரவு பஸ் பிடித்துக் கட்டுநாயக்காவுக்கு ஏன் போக வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். வந்த டிக்கெட் கொழும்பிலிருந்து. அதில் பேரம் பேச இடமில்லை.

8. கையிலிருந்து போகும் காசு

கடவுச்சீட்டு, மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, போட்டோப் பிரதிகள், பதிவுத் தபால், கொழும்புக்கு மூன்று பயணம், ஒரு சூட்கேஸ். எல்லாம் சேர்த்து எனக்கு நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது. இதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்ததில் ஒரு பிரயோசனமும் இல்லை.

அங்கே போனதும் நாட்செலவுக்குப் பணம் தருவார்கள். எங்கள் காலத்தில் நாளுக்கு 1,500 இந்திய ரூபாய். அது முதல் நாளே கைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் டொலர் கொண்டு போங்கள்.

9. பெட்டியும் முதல் இரண்டு நாளும்

நம் வீட்டுச் சதுர முள் பிளக் இந்தியச் சுவரில் நுழையாது. அங்கே வட்ட முள். மாற்றி ஒன்று வாங்கிப் போங்கள். மடிக்கணினி, வழக்கமாகக் குடிக்கும் மருந்துகள், அவற்றின் சீட்டு, கடவுச்சீட்டு அளவுப் படங்கள் ஆறு. சிம் அட்டைக்குப் படமும் கடவுச்சீட்டு, விசாப் பிரதிகளும் கேட்பார்கள். அது இயங்கத் தொடங்கும்வரை வீட்டாரோடு பேச விடுதி வைஃபைதான். தேயிலைப் பைக்கற்றுகள் சில போடுங்கள். பல நாட்டுக்காரர்கள் இருப்பார்கள், எல்லோரும் ஏதாவது தருவார்கள். டில்லிக்கு டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் கம்பளிச் சட்டை எடுங்கள். நம் மார்கழிக் குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

சில்லறை வையுங்கள். இரண்டாம் நாள் தரமணியில் ஒரு டீக்கடையில் டீ குடித்துவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். கடைக்காரர் தாளைத் தொடாமல் கண்ணாடிப் போத்தலில் ஒட்டியிருந்த கியூஆர் சதுரத்தைக் காட்டினார். என் போனில் அது இல்லை என்றேன். என் தமிழைக் கேட்டுவிட்டு, “கேரளாவாம்மா?” என்றார். இல்லை, யாழ்ப்பாணப் பக்கம் என்றதும் டீக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் சில்லறையோடு போய்க் கொடுத்தேன்.

10. வகுப்பில்

காலையிலிருந்து மாலைவரை வகுப்பு, வருகைப் பதிவு உண்டு. முதல் வாரத்திலேயே உங்கள் நாட்டின் கல்வி முறையைப் பற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். அதை ஊரிலேயே தயாரித்துக்கொண்டு போங்கள். சிகிரியாப் படம் போட்டு நேரத்தைக் கழிப்பதைவிட, உங்கள் பாடசாலையின் ஒரு நாளைப் படம் பிடித்துக் காட்டினால் கேள்விகள் வரும். முடிவில் ஒரு செயற்றிட்டம் கேட்பார்கள். மற்றவர்கள் கடைசி இரவில் எதையாவது எழுதும்போது, நீங்கள் கொண்டு போன உண்மையான தரவில் வேலை செய்திருப்பீர்கள். நேரசூசி, புள்ளிப் பட்டியல் (பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு), பழுதான கணினிகளின் விவரம் எல்லாம் மடிக்கணினியில் இருக்கட்டும்.

ஆங்கிலம் பற்றிய பயம் மூன்றாம் நாள் போய்விடும். பக்கத்தில் இருப்பவருக்கும் அது இரண்டாம் மொழியோ மூன்றாம் மொழியோதான்.

11. திரும்பி வந்ததும்

வந்த மறுநாள் கடமைக்குத் திரும்பியதைக் கடிதத்தில் அறிவியுங்கள். விமானச் சீட்டின் அடிக்கட்டை, சான்றிதழ், கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த பக்கம் எல்லாவற்றின் பிரதிகளையும் சுயவிவரக் கோவையில் சேர்க்கச் சொல்லுங்கள்; பதவி உயர்வு நேர்முகத்தில் கேட்பார்கள். பயிற்சி அறிக்கையையும் போன வழியாகவே அனுப்ப வேண்டும். நாலு பக்கம் போதும். கொடுக்கும்போது உங்கள் பிரதியில் ‘கிடைக்கப்பெற்றது’ முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை வரவில்லை என்று ஏழு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த முத்திரைப் பிரதியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.